வாசிப்புக்குச் சாரம் கட்டுதல்

ஆங்கிலப் பாடநூலைத் தங்குதடையின்றி வாசிக்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் அடையும் மகிழ்ச்சிக்குத் திருப்பூரில் ஒரு விலை உண்டு. சனிக்கிழமை மாலை கைக்கு வரும் வாரக்கூலியில், வாடகைக்கும் மளிகைக்கும் முன்பாகப் பள்ளிக் கட்டணத்துக்கென ஒரு பங்கை எடுத்து முந்தானையில் முடிந்துவைக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். பனியன் கம்பெனியில் பகல் முழுதும் நின்றபடியே செக்கிங் பார்த்துவிட்டு வந்து, இரவில் மகள் ஆங்கிலம் வாசிக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கும் அன்னைக்கு அவ்வோசையே பெரிய ஊதியம். அரசுப் பள்ளிகளிலும் 2012–13ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டமையால், கட்டணம் கட்ட இயலாதவரின் பிள்ளைகளும் இன்று அந்த ஓசையை எழுப்புகின்றனர். மகிழத்தக்கதே. ஆனால், "வாசித்தாயே, என்ன விளங்கிற்று?" என்று கேட்பவர் வீட்டில் இல்லை, பல வேளைகளில் வகுப்பறையிலும் இல்லை.

வினாவுக்கு விடை எழுதுகின்றார்களே, விளங்காமலா எழுதுவர் என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். "மிலங்கன் நேற்றுத் தூறையில் பறளினான்" என்று ஒரு வாக்கியம் எழுதுவோம். மிலங்கன் யார், தூறை எது, பறளுதல் என்ன தொழில் என்பது எழுதிய நமக்கே தெரியாது. ஆயினும், "மிலங்கன் எங்கே பறளினான்?" என்று கேட்டால், "தூறையில்" என்று எந்தக் குழந்தையும் எழுதிவிடும்; முழு மதிப்பெண்ணும் பெறும். வினாவிலுள்ள சொல்லைப் பாடத்தில் தேடிப் பிடித்து, அதற்குப் பக்கத்திலுள்ள சொல்லை எடுத்து எழுதும் இந்த வித்தையில் நம் பிள்ளைகள் தேர்ந்தவர்கள். பத்தாம் வகுப்பு வரை இதனைக் கொண்டே வந்துவிடுபவர் உளர். கிராமப்புற இளைஞரை 2023இல் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் சோதித்த 'ஏசர்' ஆய்வினர், 14 முதல் 18 வயது வரையிலானவருள் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க வல்லவர் 57.3 விழுக்காட்டினர் என்று கண்டனர். அவ்வாறு வாசித்தவருள்ளும் ஏறத்தாழ நான்கில் ஒருவரால் தாம் வாசித்ததன் பொருளைச் சொல்ல இயலவில்லை. ஓரிரு வரி வாக்கியங்களுக்கே இந்நிலை என்றால், ஒரு பக்க அளவுள்ள பாடத்தின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இது மதிப்பெண்ணோடு முடிகின்ற செய்தியாக இருந்தால் நாம் பேனா எடுத்திருக்க மாட்டோம். நமக்குத் தெரிந்த குடும்பத்து இளைஞர் ஒருவர், ஆங்கிலவழியில் பயின்று பட்டமும் பெற்று, ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்சன்டைசர் பயிற்சிக்குச் சேர்ந்தார். நிறுவனம் ஒரு பக்க அளவில் ஆங்கிலக் கடிதம் கொடுத்தது. இளைஞர் அதனைத் தந்தையின் முன் உரக்க வாசித்தார். சாயப்பட்டறையில் உழைத்துக் கை நிறம் மாறிப்போன அத்தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. மகனின் நாவன்மையே போதுமானதாக இருந்தது. இருவரும் கையொப்பமிட்டனர். எட்டு மாதங்கழித்து வேறு வேலை கிடைத்து, மூலச் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டபோதுதான் சிக்கல் எழுந்தது. தந்தை கடிதத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார்.

"ஹஸ்ரத், இவன் அன்னைக்கு இதைப் படிச்சான், நான் பக்கத்துல இருந்து கேட்டேன். அப்படி ஒரு கண்டிஷன் இதுல இருக்கா, பாருங்க" என்றார்.

இருந்தது. 'அன்லெஸ்' என்று தொடங்கும் நீண்ட வாக்கியம்: இரண்டாண்டுகள் பணியை நிறைவு செய்தாலன்றி, அல்லது மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினாலன்றிச் சான்றிதழ்கள் திருப்பித் தரப்படமாட்டா. இளைஞரை வாசிக்கச் சொன்னோம். ஒரு சொல்லும் பிழையின்றி வாசித்தார். "தம்பி, இந்த வாக்கியம் என்ன சொல்லுது?" என்றோம். "ரெண்டு வருஷம், சர்டிபிகேட்... ஏதோ ரூல்ஸ் ஹஸ்ரத்" என்றார். தனித்தனியே ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரியும். அவற்றைக் கோத்து நிற்கும் 'அன்லெஸ்' என்ற ஒரு சொல்லின் மீது மட்டும் அவர் கண் நின்றதே இல்லை. பிறருடைய மூலச் சான்றிதழைப் பிணையாகப் பூட்டி வைத்துக்கொள்வது முறையா என்பது வேறு வழக்கு. முறையன்று என்பதே நம் கருத்து. சான்றிதழ்கள் ஐந்து மாதங்கழித்து, பணம் கட்டிய பின்னரே வீடு வந்தன.

அரபு கற்றவர்க்கு இந்நிகழ்ச்சி சற்று விந்தையாகவே தோன்றும். ஏனெனில் அரபுக் கிதாபுகளில் ஸபர், ஸேர், பேஷ் என்னும் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இடப்படுவதில்லை. 'அடித்தார்', 'ஸைது', 'அம்ரு' என்ற மூன்று சொற்கள் எழுத்தளவில் கிடக்கும். ஒவ்வொரு சொல்லையும் எந்த உயிரோசையில் முடிப்பது என்பது, அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதை உணர்ந்தவர் நாவில்தான் வரும். (நம் இலக்கண நூல்களில் ஸைது பல நூற்றாண்டுகளாக அம்ரை அடித்துக்கொண்டேயிருக்கிறார். தாவூதின் பெயரிலிருந்து ஒரு 'வாவ்' எழுத்தைத் திருடித் தன் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டதே அம்ரு செய்த குற்றம் என்பது அரபு ஆசிரியர்களிடையே வழங்கும் வேடிக்கை.) ஆதலின் மாணவன் 'இபாரத்' வாசிக்கும்போதே, அவனுக்குப் பொருள் விளங்கிற்றா என்பதை உஸ்தாத் செவியாலேயே அறிந்துவிடுவார். அரபில் விளங்கினாலன்றி வாசிக்க இயலாது. ஆங்கிலத்திலோ, ஒன்றும் விளங்காமலே அழகாக வாசித்துவிடலாம். மேலும் ஒன்று சொல்ல வேண்டும். திருக்குர்ஆனைப் பொருளறியாது ஓதினும் ஓதுதலுக்கே நன்மையுண்டு என்பது நம் கொள்கை. அந்தச் சிறப்பு எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலுக்கு இல்லை. ஓதிப் பழகிய நாவு அதே பழக்கத்தை அங்கும் கொண்டுசெல்வதை மக்தபிலும் பள்ளிக்கூடத்திலும் பாடம் சொல்லும் நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

இதற்கு மருந்தென இன்றைய கல்வியியலார் கூறுவதைக் கொத்தனாரிடமிருந்தே கடன் வாங்கியிருக்கின்றனர்: சாரம். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு அமைக்கையில், உடனிருக்கும் பெரியவர் எங்கே கைகொடுக்க வேண்டும், எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதை ஆராய்ந்து, வுட், புரூனர், ராஸ் என்னும் மூவர் 1976இல் எழுதிய கட்டுரையில் இச்சொல் இடம்பெற்றது. அதற்கு வெகு முன்னரே, 1934இல் மறைந்த ருஷ்ய உளவியலார் வைகோட்ஸ்கி, பிள்ளை தனித்துச் செய்ய வல்லதற்கும் பிறர் துணையுடன் செய்ய வல்லதற்கும் இடைப்பட்ட வெளியே கற்பித்தலுக்குரிய இடம் என்றார். உவமை பொருத்தமானது. சாரம் சுவரைத் தாங்குவதில்லை. சுவர் கட்டுபவனைத் தாங்குகிறது. சுவர் எழ எழ அதுவும் எழும்பும். பூச்சு வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவர்.

சொல் புதிதேயொழிய, பொருள் நமக்குப் புதிதன்று. மேலே சொன்ன உயிர்க்குறிகளே ஒரு சாரந்தான். அரபு தாய்மொழியல்லாத மக்கள் பிழையின்றி ஓதவேண்டி அபுல் அஸ்வத் முதன்முதலில் புள்ளியிட்டார் என்பது மரபு. மக்தபில் சிறுவன் முழுக்குறியிட்ட எழுத்தில் தொடங்குகிறான். மதரஸாவில் சில ஆண்டுகளில் குறியற்ற நூலின் முன் அமர்த்தப்படுகிறான். சாரம் அவிழ்ந்துவிட்டது. இப்னுல் ஹாஜிப் (மறைவு 1249) இயற்றிய காபியா, சொற்சுருக்கத்தால் திணற வைக்கும் இலக்கண நூல். அதற்கு மௌலானா ஜாமீ (மறைவு 1492) தம் மகன் லியாவுத்தீன் யூசுபுக்காக எழுதிய விரிவுரையே மதரஸாக்களில் 'ஷரஹ் ஜாமீ' என வழங்குவது. தந்தையொருவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்த சாரத்தில் ஐந்நூறு ஆண்டுகளாக மாணவர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றனர். நம் முன்னோர் அரபு வரியின் கீழே அரபுத்தமிழில் பொருளெழுதி ஓதியதும் இவ்வகையினதே.

பாடம் நடத்தும் முறையிலும் மூன்று படிகள் உண்டு. நாளைய பாடத்தை மாணவன் முன்னதாகத் தானே முட்டிமோதிப் பார்ப்பது முதாலஆ. உஸ்தாதிடம் கேட்பது ஸபக். பின்னர் மாணவர் வட்டமாக அமர, ஒருவன் ஆசானாகி ஏனையோர்க்கு மீண்டும் சொல்வது தக்ரார். நன்னூலார் இதே கணக்கை எண்ணாலேயே சொல்லிவிட்டார்: ஆசான் சொன்னதை நன்றாகக் கேட்டவனுக்குக் கிட்டுவது கால் பங்கு, உடன் பயில்வாரோடு பழகுவதில் மற்றொரு கால், பிறர்க்கு எடுத்துரைப்பதில்தான் எஞ்சிய அரை. பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தவர் என்று கொங்கு நாட்டில் ஒரு வழக்கு உண்டு. அது மெய்யாயின், திருப்பூருக்கு அண்டை ஊர்க்காரரின் கணக்கு இது. 1984இல் அமெரிக்காவில் பாலின்சர், பிரவுன் என்னும் இருவர், வாசிக்கத் தெரிந்தும் விளங்கிக்கொள்ள இயலாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுவாக அமர்த்தி, ஆசிரியரும் மாணவரும் முறைவைத்து ஆசான் நிலையில் இருக்கச் செய்தனர். அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல், வினா எழுப்புதல், ஐயம் தெளிதல், சுருக்கிச் சொல்லுதல் என்னும் நான்கே வேலைகள். பிள்ளைகள் வியக்கத்தக்க வகையில் தேறினர். அதனைப் படித்தபோது, தக்ரார் வட்டத்தில் நாம் அமர்ந்திருந்த பாயின் கோரை வாசம் நினைவுக்கு வந்தது.

நிற்க. இவ்வளவு இருந்தும் மதரஸா மாணவர் அனைவரும் தேர்ந்த வாசகராகி விடுவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருளை உஸ்தாதே ஊட்டிக்கொண்டிருக்க, ஏழாண்டு ஓதிய பின்னரும் புதிய கிதாபைத் திறக்க அஞ்சுபவர் உளர். முதாலஆவும் தக்ராரும் பெயரளவில் நின்றுவிட்ட இடங்களில் இது நேர்கிறது. சாரம் அங்கே நிலையாக நின்று, சுவர் எழவே இல்லை. பள்ளிக்கூடத்தில் இந்த இடத்தைக் கைடு பிடித்துக்கொள்கிறது. பாடம், பொருள், வினா, விடை அனைத்தும் அதில் உண்டு. பிள்ளை செய்வதற்கு மட்டும் ஒன்றுமில்லை. நன்னூலார் காண்டிகை உரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என ஐந்து உறுப்புச் சொன்னார். கைடுக்காரர் நான்கை விட்டு ஐந்தாவதை மட்டும் அச்சிட்டு விற்கிறார்.

திருப்பூர் போன்ற ஊரில் இந்தக் குறை பிற ஊர்களைக் காட்டிலும் கேடு தருவதற்குக் காரணம் உண்டு. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காளத்துப் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்து 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை நடுவில் விட்டுவிடுகின்றனர். ஆதலின் எந்த வகுப்போடு நின்றாலும் அதுவரை கற்றதற்கு ஒரு பயன் கைக்கு வரவேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் ஆண்ட சொல் 'சரண்டர் மதிப்பு'. ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை நடுவில் முறித்தால் கிடைக்கும் தொகைக்குரிய பெயர் அது. (காப்பீடு பற்றி ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு; உவமையைப் பெற்றுக்கொள்வதில் தடையிருக்க நியாயமில்லை.) பாதியில் நின்ற பேச்சுப் பயிற்சியும் பாதியில் நின்ற இலக்கணமும் சில மாதங்களில் உதிர்ந்துவிடும், விளங்கி வாசிக்கக் கற்றவனோ தன் அளவிலான எதையும் வாசித்து மேலே செல்வான் என்றார் வெஸ்ட். புதுச்சொற்கள் நெருக்கியடித்து வராமல் இடைவெளிவிட்டு வருமாறும், வந்த சொல் மீண்டும் மீண்டும் வருமாறும் வாசகங்களை எழுதிக் காட்டினார். பத்தாம் வகுப்போடு நின்று ஓவர்லாக் தையலுக்கோ பேக்கிங்குக்கோ போகும் பிள்ளைகள் நிறைந்த இவ்வூரில், ஒவ்வொரு வகுப்பின் ஆங்கிலத்துக்கும் சரண்டர் மதிப்பு என்ன என்று கேட்டுப் பார்த்தால் பல பள்ளிகளின் கணக்குப் புத்தகம் வெறுமையாக இருக்கும்.

நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு ஒரு மணி நேரம் ஆங்கில வாசிப்பு நடத்தி வருகிறோம். நம் உச்சரிப்பு பெருமைப்படத்தக்கதன்று. மதரஸாவை விட்டு வந்த பின்னர் அகராதியைத் துணைகொண்டு கற்ற ஆங்கிலம். உரக்க வாசிப்பது அந்த ஒரு மணி நேரத்தில் மிகக் குறைவு என்பதால் அது பெருங்குறையாவதில்லை.

முதற்பாடம் பாடநூலிலிருந்து அல்ல, சட்டையிலிருந்து. திருப்பூர்ப் பிள்ளைகளின் வீட்டில் ஆங்கிலம் அச்சிட்ட பொருள் வேறு இல்லையாயினும், பனியனின் உட்புறம் தைக்கும் லேபிள் இருக்கும். அவர்களுடைய தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் தொட்டுப் பார்த்து அனுப்பியவை. தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டி என்று படங்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் கீழே ஆங்கில வாக்கியங்கள். படம் பொருளைச் சொல்லிவிடுவதால் பிள்ளை சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. 'வாஷ் இன்சைட் அவுட்' என்ற மூன்று சொல்லுக்கு ஏழாம் வகுப்புச் சிறுமி சட்டையைப் புரட்டியே காட்டினாள். அதைவிட நல்ல விடை இல்லை. இரண்டாம் வாரம், படத்தை மறைத்து எழுத்தை மட்டும் கொடுத்தோம். மூன்றாம் வாரம், புதிய லேபிள்.

பாடநூலுக்கு வரும்போது, வாசிக்குமுன் பொருளைப் பற்றித் தமிழில் பேசிவிடுகிறோம். பாடம் ஒரு கடற்பயணம் என்றால், கடல் பார்த்தவர் யார், கப்பலில் தண்ணீர் தீர்ந்தால் என்ன ஆகும் என்று பேச்சு நடக்கும். அப்போது பாடத்துக்கு இன்றியமையாத ஐந்தாறு சொற்கள் தாமாக வந்து விழும். அவற்றைப் பலகையில் எழுதிவிடுவோம். பிறகு முதற்பத்தியை நாமே, நம் மனம் எங்கெங்கே தடுக்குகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசித்துக் காட்டுவோம்: "'இட்' என்கிறானே, எது? மேல் வரியில் கப்பலும் இருக்கிறது, புயலும் இருக்கிறது, உடைந்தது எது?" இரண்டாம் பத்தியை எல்லாரும் சேர்ந்து, மூன்றாவதை அவரவர் தனியே, வாய்திறவாமல். சேர்ந்து ஒன்று செய்துவிட்டு அதே வகையில் மற்றொன்றைத் தனியே செய்யவிடும் இம்முறையை, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என்.எஸ். பிரபு பெரிய அளவில் நடத்திப் பார்த்தார். ரயில் கால அட்டவணையும் ஊர் வரைபடமும் அவர் வகுப்பில் பாடமாயின.

வாக்கிய அமைப்பில்தான் நாம் மிகுதியாக நேரம் செலவிடுகிறோம். அரபில் வினை பெரும்பாலும் முதலில் வரும், தமிழில் கடைசியில், ஆங்கிலத்தில் நடுவில். தமிழில் 'ஐ' உருபு இருக்கும்வரை சொற்களை எப்படி மாற்றி வைத்தாலும் அடித்தவரும் அடிபட்டவரும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இடம் மாறினால் ஆளே மாறிவிடுவார். தமிழ்ப் பிள்ளைக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மேலும், 'அம்மா தைத்த சட்டை' என்று நாம் அடையை முன்வைக்க, ஆங்கிலத்தான் சட்டையை முதலில் சொல்லிவிட்டு, 'விச்' போட்டு, அம்மாவையும் தையலையும் பின்னால் இழுத்து வருவான். அந்த வால் நீண்டுவிட்டால் தலை எது என்பது பிள்ளைக்கு மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நீண்ட வாக்கியத்திலும் முதலில் ஃபாயிலையும் மஃப்ஊலையும் தேடச் சொல்லுகிறோம்; எழுவாய், செயப்படுபொருள் என்றாலும் சரி. 'பட்', 'அன்லெஸ்', 'ஆல்தோ' ஆகிய சொற்களைக் கண்டால் பென்சிலால் வட்டமிடுவது கட்டாயம். அதற்குக் காரணமான கடிதத்தின் கதையைப் பிள்ளைகள் அறிவர்.

தமிழில் பேசினால் அபராதம் என்று விதித்திருக்கும் பள்ளி ஒன்றிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர், தொடக்கத்தில் தமிழில் விளக்கம் கேட்கவே கூசினர். அபராதம் பத்து ரூபாய். அப்பள்ளியின் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் கையிலிருக்கும் ஒரே சாரத்தை எரித்துவிட்டுச் சுவரெழுப்பச் சொல்வது நமக்கு அறிவுடைமையாகத் தோன்றவில்லை. ஒரு பத்தியைத் தன் மொழியில் திருப்பிச் சொல்ல இயலாத பிள்ளைக்கு அது விளங்கவில்லை என்பது உறுதி. அதை அறிய வேறு எளிய வழியும் இல்லை. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருவர் நம் வகுப்பில் உள்ளனர். தமிழே அவர்களுக்கு இரண்டாவதோ மூன்றாவதோ மொழி. அவர்களுள் ஒருவன் இந்தியிலும் மற்றவன் வங்காளியிலும் முணுமுணுத்துக்கொண்டே வாசிக்கின்றனர். முணுமுணுக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

சாரத்தை அவிழ்ப்பதுதான் கடினம். ஜூன் மாதத்தில் பத்துச் சொற்களுக்குப் பலகையில் பொருளெழுதினோம், ஆகஸ்டில் நான்கு, தீபாவளி விடுமுறைக்குப் பிறகு எழுதுவதில்லை, எந்தச் சொல் வேண்டும் என்று அவர்களே கேட்க வேண்டும். "ஹஸ்ரத் இப்பல்லாம் சொல்லித் தர்றதே இல்லை" என்று ஒரு சிறுவன் வீட்டில் புகார் செய்ய, அவன் தாயார் வந்து விசாரித்தார். மகனையே அழைத்து, அன்றைய பத்தியை அம்மாவுக்குத் தமிழில் சொல்லச் சொன்னோம். சொன்னான்; ஓரிடத்தில் தடுக்கியது; நாம் வாய்திறக்கவில்லை; மேல் வரிக்குத் திரும்பிச் சென்று பார்த்துவிட்டுத் தானே திருத்திக்கொண்டான். அத்தாயார் போகும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். இல்லை என்றதும் நம்பாமலே போனார்.

இப்போது வினாக்களையும் பிள்ளைகளே எழுதுகின்றனர். விதி ஒன்றே: மிலங்கன் வினா கூடாது. வாக்கியத்திலிருந்து அப்படியே பெயர்த்தெடுக்கக்கூடிய விடையுள்ள வினாவுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. சென்ற மாதம் மறுபடியும் ஒரு லேபிளைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு வினா எழுதச் சொன்னோம். 'டூ நாட் டம்பிள் டிரை' என்ற வரியின் கீழே ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "துணி காயவைக்க மெஷின் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அப்படியானால் அவர்கள் ஊரில் துணியை மெஷினில் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஏன், அங்கே வெயில் இல்லையா?" சூடான உருளையில் சுழன்றால் பருத்திப் பின்னல் சுருங்கும் என்பதை மட்டும் ஒரு கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வந்து சொன்னோம். வெயிலைப் பற்றி அவர்கள் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கின்றனர்.